முப்பிடாதியைக் கேட்ட பேனர்

– கையெழுத்தெல்லாம் போட முடியாது மேடம். நான் சொல்லாததைச் சொன்னேன்னு எழுதி வச்சிருக்கீங்க.

– முத்துலட்சுமி, நான் சொல்லுததை முழுசாக் கேளுங்க. இது உங்க நல்லதுக்குத்தான். பேனர்ல செத்துப்போன உங்க மக போட்டோவும் பேரும் போடத்தான் குடுத்தீங்க. கீழ உள்ள வாசகத்தை ஃபிளெக்ஸ் கடைக்கார ஜெனோ அவனாச் சேத்துட்டான். அவ்வளவுதான் இதுல இருக்கு. போட்டுட்டு நீங்க வீட்டுக்குப் போலாம்.

– அப்பம் உள்ள புடிச்சு வச்சிருக்க ஜெனோ?

– அவன் விஷயத்தை நாங்க பாத்துக்கிடுதோம்.

– அந்த வார்த்தைய மட்டும் சொல்லாதீங்க மேடம். பாத்துக்கிடுதேன்னு யாராவது சொன்னாலே காதைப் பொத்திக்கிடத் தோணுது.

– அக்கா, இன்ஸ்பெக்டர் மேடம் எவ்வளவு தன்மையாப் பேசுதாவ. கூடப் பொறந்த தம்பி நானும் உங்கூடத்தான நிக்கேன். பெறகு என்ன பிடிவாதம்?

– நீ எங்கூட நிக்கலலே துரை, எதுத்தாப்புல நிக்கே. புகார்ல மொதக் கையெழுத்தே உன்னுதுதான்.

– அது எங்க இந்து சங்கத்தோட முடிவுக்கா. சங்கத்துல மாவட்டப் பொறுப்புல இருக்கேன், கோயில்ல சாமியாடுதேன். சட்டப்படி நான்தான் புகார் குடுக்கணும். கோடிக்கணக்கான இந்துக்களோட உணர்வு புண்பட்டிருக்கு.

– கோடிப் பேரு நம்ம தெருவுக்கு எப்பம்லே வந்தாவ? முப்பிடாதி கோயிலுக்கு வரி குடுக்குத வீடு அறுவதுகூடத் தேறாது. கோயிலுக்குப் பெயின்ட் அடிக்கக் கேட்டப்ப ஒரு கோடியானும் வரலையே.

– பாத்தீங்களா மேடம், வாயத் தொறந்தா இந்தப் பேச்சுதான்.

– பாண்டித்துரை, செத்த சும்மா இருங்க. முத்துலட்சுமி, வெளிய நெலவரம் தெரியாமப் பேசுதீங்க. சீசன் நேரம். மெயின் அருவிக்குப் போற ரோட்டுல பேனரை வச்சிருக்கீங்க. குளிக்க வந்தவன் எவனோ வண்டிய நிறுத்தி போட்டோ புடிச்சுப் போட்டுட்டான். கிறிஸ்தவன் ஒருத்தன் அம்மனைத் திட்டி பேனர் அடிச்சான்னு ஊரு ஊராச் சுத்துது. மெட்ராஸ்ல இருந்து எனக்குப் போன் வருது. காலைல ஜெனோ கடை ஷட்டர்ல கல்லு விழுந்திருக்கு.

– யாரு எறிஞ்சா?

– விசாரிக்கோம்.

– இவன்கிட்ட விசாரிங்க.

– அக்கா, நான் எறியச் சொல்லல.

– எறியாதன்னு சொன்னியா? சொல்லிருக்க மாட்டே. வாசல்ல ஜெனோ பொண்டாட்டி ஜெனி நிக்கா பாத்தியா? கைப்பிள்ளைய மாராப்புல சுத்திக்கிட்டு, சாரல்ல நனைஞ்சுக்கிட்டு நிக்கா. உள்ள வாட்டின்னு கூப்பிட்டேன். போலீஸ் ஸ்டேஷனுக்குள்ள பிள்ளையக் கொண்டுவர மாட்டேங்கா.

– அதுக்குத்தான் சொல்லுதேன், சீக்கிரம் முடிப்போம்.

– அந்த வாசகத்தை நீங்களே வாசிங்க மேடம். எவன் எழுதுனான்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. ஒருக்கா சத்தமா வாசிச்சுப் பாருங்க.

– வேண்டாம்.

– நான் சொல்லட்டா? எனக்கு மனப்பாடம். "முப்பிடாதி, எம் பிள்ளையப் பாத்துக்கிடுதேன்னு சொன்னியே, பாத்தியா? பாக்காத உனக்கு நான் சாத்துன வெள்ளிக்கண்ணு எதுக்கு? திருப்பிக் குடு. இப்படிக்கு, நவீனாவோட அம்மா." இதுல ஜெனோ எங்கன இருக்கான்? நவீனாவுக்கு அம்மா ஜெனோவா?

– ஜெனோ சொன்னான் மேடம், அக்கா சொல்லச் சொல்லத்தான் டைப் பண்ணேன்னு. அதை எங்க சங்கத்துல நம்ப முடியாதுங்கோம். துக்கத்துல இருந்த பொம்பளைய அவன் தூண்டி விட்டிருக்கான்.

– தூண்டி விட்டானா? வேண்டாங்க்கா, வம்பு வரும், 'கண்ணீர் அஞ்சலி'ன்னு மட்டும் போடுவோம்னு என் கையப் புடிக்காத கொறையாச் சொன்னான். நான்தான், அடிக்கியா இல்ல சுரண்டையில போயி அடிக்கட்டான்னு கேட்டேன். அப்பவும் அவன், 'உங்க சாமி விஷயம், என் கை பட்டா தப்பாயிரும்'னான். அவனுக்கு இருந்த புத்தி உனக்கு இல்லையேலே.

– அக்கா, ஊர்ல என்ன பேசுதாவ தெரியுமா? நாசர் அண்ணாச்சி சிப்ஸ் கடையில வேலைக்கு நிக்கா, ஜெனோ கடையில பேனர் அடிக்கா, இவளை எவனோ பின்னால இருந்து இயக்குதான்னு பேசுதாவ.

– நாசர் அண்ணாச்சி கடையில நேந்திரங்காய் வறுக்கேன்லே. எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால நின்னு வறுத்த காசுலதான் வெள்ளிக்கண்ணு வாங்கிச் சாத்துனேன். அப்ப ஆத்தா வாங்கிக்கிட்டா. துலுக்கன் காசுன்னு நீயும் வேண்டாங்கல.

– முத்துலட்சுமி, இந்தப் பேச்செல்லாம் ஸ்டேட்மென்ட்ல வராது. சட்டத்துல என்ன இருக்குன்னு கேளுங்க. யாரும் என்னமும் பேசலாம், உரிமை இருக்கு. ஆனா ஒருத்தரோட மத உணர்வைப் புண்படுத்தக் கூடாது. எல்லா மதமும் இருக்குத ஊரு. ஒரு பக்கம் சர்ச்சு, ஒரு பக்கம் பள்ளிவாசல். ஒரு வார்த்தையில பத்திக்கிடும்.

– அடுத்தவன் சாமிய நான் பேசல மேடம். ஏசுவைப் பேசுனேனா, அல்லாவைப் பேசுனேனா? எங்க ஆத்தாளைத்தான் கேட்டேன். நீங்க எந்த ஊரு?

– சிவகிரி.

– அங்கன மழை இல்லன்னா பொம்பளைக என்ன செய்வாவ? எங்க தெருவுல கோயில் நடையில போயி நின்னு, 'நீயெல்லாம் ஒரு தாயா, உனக்கு வயித்துல புள்ள இருந்தாத் தெரியும்'னு கேப்பாவ. நாலு தெருவுக்குக் கேக்கும். பூசாரி கேட்டுக்கிட்டே விளக்குப் போடுவாரு. யாருக்கும் எதுவும் புண்படல. அடுத்த செவ்வாக்கிழமை அதே பொம்பள பொங்கல் வைப்பா. எங்களுக்கும் அவளுக்கும் இப்படித்தான் பழக்கம்.

– அது கோயிலுக்குள்ள. இது ரோடு.

– கோயிலுக்குள்ள போயிக் கேக்கத்தான் மேடம் போனேன். சாவுத்தீட்டு, வராதன்னுட்டாவ. வாசல்ல நின்னாக் கூட்டம் கூடுதுன்னு இவன் விரட்டுனான். எங்கன போயிக் கேக்க? எப்ப வந்தாலும் அவ சப்பரம் அந்த ரோட்டு வழியாத்தான் வரும். அதான் அங்கன வச்சேன், வாசிக்கட்டும்னு.

– அக்கா, புத்தி பேதலிச்சுப் போயிப் பேசுதே. மேடம், இதையே எழுதிக்கிடுங்க. மகளைப் பறிகொடுத்த அதிர்ச்சியில மனநிலை சரியில்லாம...

– ஏலே, எனக்கு ஒண்ணும் பேதலிக்கல. மனநிலை சரியில்லைன்னு ஒரு எழுத்து எழுதினாலும், நான் ரோட்டுல போயி உக்காருவேன்.

– சரி, அது வேண்டாம். வேற வழி சொல்லுதேன். ஜெனோ பேரு இல்லாம, உங்க பேர்லயே ஒரு மன்னிப்பு. 'தெரியாம வச்சுட்டேன், பக்தர்கள் மனசு புண்பட்டிருந்தா வருந்துதேன்.' ஒரே வரி. பாண்டித்துரை, சங்கத்துல ஒத்துக்கிடுவாவளா?

– மன்னிப்புக் கேட்டா நான் பேசி ஒத்துக்க வைக்கேன். பேனரை இன்னைக்கே எடுத்திரணும்.

– தெரியாம வைக்கல மேடம். தெரிஞ்சுதான் வச்சேன்.

– அப்பம் உங்க மேலதான் கேஸ் வரும். வெளாட்டு இல்ல. சாயங்காலம் ஜட்ஜ் வீட்டுல ஆஜர் பண்ணி, ராத்திரியே திருநெல்வேலிக்குக் கொண்டுபோகணும்.

– திருநெல்வேலிக்கா?

– ஆமா. பொம்பளைக ஜெயிலு அங்கனதான்.

– கொண்டுபோங்க. எம் பிள்ளையத்தான் நேரத்துக்குக் கொண்டுபோக விடல, என்னையாவது கொண்டுபோங்க.

– யாரு விடல?

– அக்கா, அதை இங்கன எதுக்கு இழுக்கே?

– செத்த இருங்க பாண்டித்துரை. யாரு விடல, முத்துலட்சுமி?

– கோயில் கொடைத் திருவிழா நேரம் மேடம். புருசன் போனதுல இருந்து நானும் பிள்ளையும் இவன் வீட்டுலதான் இருந்தோம். சாமியாடி வீட்டுல காப்புக் கட்டிட்டாக் கொடை முடியுத மட்டும் வீட்டாளு யாரும் ஊர் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினாக் கொடை நின்னுரும். பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்கு. நர்சம்மா வந்து பாத்துட்டு, டெங்கு மாதிரி இருக்கு, இப்பமே திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கன்னாவ. ஓடிப்போயி ஆத்தா கால்ல விழுந்தேன்.

– கோயில்லயா?

– ஆமா, இவன் மேல ஆத்தா வந்து ஆடிக்கிட்டிருந்தா. கொட்டு உச்சத்துல இருக்கு, மஞ்சத் தண்ணி ஊத்துதாவ. ஆத்தா, பிள்ளையக் கொண்டுபோகட்டுமா, உத்தரவு குடுன்னு கேட்டேன். திருநீறை அள்ளி என் கையில போட்டு, 'எல்லை தாண்டாத, எம் பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்'னா. ஊரே கேட்டுச்சு. அந்தச் சொல்ல நம்பி வீட்டுக்கு வந்து பிள்ளை நெத்தியில திருநீறைப் பூசிட்டு உக்காந்தேன். கொடை முடிஞ்சு காப்பை அவுத்துட்டுக் கார் புடிச்சோம். ஆலங்குளம் தாண்டயில எம் மடியிலயே அடங்கிட்டா.

– இது எதுவும் புகார்ல இல்லையே, பாண்டித்துரை.

– அது குடும்ப விஷயம் மேடம். புகார் பேனரைப் பத்தினது.

– பேனர் இதைப் பத்தித்தானவே?

– மேடம், சட்டப்படி நீங்க நடவடிக்கை எடுக்கணும். இல்லன்னா மறியல்தான்.

– மறியல் பண்ணுலே. அதுக்கு முன்னால எனக்கு ஒண்ணே ஒண்ணு சொல்லு. புண்பட்டது யாரு? ஆத்தாளா, நீயா?

– அம்மனைச் சொன்னா அம்மன் மக்களுக்குப் புண்படும்.

– நானும் அம்மன் மகதான். எனக்குப் புண்படல, எனக்கு வயிறு எரியுது. ஆத்தாளுக்குக் கோவம்னா அவ சொல்லட்டும். உன் மேலதான வருவா? வரச்சொல்லு. இந்தா நிக்கேன். இந்த மேசைக்கு முன்னாலயே ஆடு. 'முத்துலட்சுமி, நீ பேசுனது தப்பு, பேனரை எடு'ன்னு அவ வாயால சொல்லட்டும். இப்பமே போயிக் கிழிச்சுப் போட்டுட்டு வாரேன்.

– ஸ்டேஷன்ல வச்சு எப்படிக்கா வருவா?

– அவளுக்கு ஸ்டேஷன் என்ன, கோயில் என்ன? வேண்டாம், கோயிலுக்கே போவோம். மேடத்தையும் கூட்டிக்கிட்டுப் போவோம், கொட்டுக்காரனையும் கூப்பிடுவோம். வா.

– முடியாது.

– ஏன் முடியாது?

– அக்கா, உனக்குக் கோடிப் புண்ணியமாப் போவும், அந்தப் பேனரை மட்டும் எடுத்திரு. புகாரை நான் வாபஸ் வாங்குதேன். ஜெனோவும் வீட்டுக்குப் போவட்டும். சங்கத்துல என்னை என்ன வேணும்னாலும் சொல்லட்டும்.

– பாண்டித்துரை, இப்பம்தான மறியல்ன்னீரு?

– மேடம், எனக்கு அந்த ரோட்டுல போக முடியல. காலைல போனா அது, சாயங்காலம் திரும்பினா அது. பிள்ளை சிரிச்சிக்கிட்டு நிக்கா. கீழ 'பாத்தியா'ன்னு கேட்டிருக்கு. கண்ணை மூடிக்கிட்டு பைக் ஓட்டுதேன்.

– உனக்கு என்னலே வந்தது? நான் ஆத்தாளைல்லா கேட்டிருக்கேன்.

– தெரியும்.

– உன்னைக் கேக்கலையே. உன் பேரு அதுல எங்கனயும் இல்லையே.

– இல்லக்கா.

– பெறகு ஏன் உனக்குக் குத்துது? துரை, ஏய், மூஞ்சியப் பாத்துப் பேசு.

– அன்னைக்கு எம் மேல ஆத்தா வரலக்கா.

– என்ன சொன்னே?

– கொட்டு அடிச்சாவ, ஆடுனேன். உடம்புல ஒண்ணும் ஏறல. வரலன்னு தெரிஞ்சாக் சாமியாடுத கச்சையை அவுத்து பங்காளி சுடலைக்கண்ணு வீட்டுக்குக் குடுத்துருவாவ. அப்பா காலத்துல இருந்து நம்ம வீட்டுல இருக்கு. ஆடிக்கிட்டே இருந்தேன். நீ வந்து கால்ல விழுந்தே.

– அப்பம், 'பாத்துக்கிடுதேன்'னு சொன்னது யாரு?

– காய்ச்சல்தான, ரெண்டு நாள்ல சரியாயிரும்னு நெனச்சேன்க்கா. நீ எல்லை தாண்டினாக் கொடை நின்னுரும். நின்னா என்னையத்தான் பேசுவாவ.

– யாருலே சொன்னா? அதைச் சொல்லு.

– நான்தான்.

– முத்துலட்சுமி, உக்காருங்க. தண்ணி குடிங்க. ஏம்மா, நான் சொல்லுததைக் கேளுங்க...

– தண்ணி வேண்டாம் மேடம். அந்தப் பேப்பரைக் குடுங்க, மன்னிப்பு எழுதித் தாரேன். ஆத்தாட்ட மட்டும். அவ சொல்லாத சொல்லுக்கு அவளை நடு ரோட்டுல நிறுத்திட்டேன். உள்ள இருக்க ஜெனோவை வரச்சொல்லுங்க, முப்பிடாதி பேரை எடுத்துட்டு இவன் பேரைப் போட்டு அதே எடத்துல இன்னொரு பேனர் வைக்கணும்.