கம்பெனிக் கட்டு

காலையில் குளிர்ந்து கிடக்கிற வண்டியை எடுத்த எடுப்பில் உறுமவிடக் கூடாது. என் கடைக்கு வருகிற எல்லாரிடமும் இதைச் சொல்வேன். ஆயில் மேலே ஏறி எல்லா இடத்திலும் பரவக் கொஞ்சம் அவகாசம் கொடுக்க வேண்டும். தேனியில் பெரியகுளம் சாலையில் மோட்டார் சாமான் கடை வைத்திருக்கும் ஞானதுரை என்றால் வண்டிக்காரர்கள் இப்படித்தான் நினைவு வைத்திருப்பார்கள். அவசரப்படாத ஆள் என்று. நீங்களும் அவசரப்படாமல் கேளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கு நான் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நாளைக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தினாலும் இதையேதான் சொல்வேன்.

முதலில், மெக்கானிக் ஒச்சாண்டியை நீங்கள் விட்டுவிடலாம். அவன் சக்கரத்தைச் சரியாகத்தான் பூட்டியிருந்தான். செய்யாத தப்புக்கு ஒருவன் உள்ளே இருப்பது நியாயமில்லை. நியாயம் என்கிற ஒரு விஷயத்தில் நான் எப்போதுமே கொஞ்சம் கறாரானவன்.

நீங்கள் இந்தப் பக்கத்துக்குப் புதிது. அதனால் பந்தயத்தைப் பற்றிச் சொல்கிறேன். வீரபாண்டிக்குத் தெற்கே வயல்களுக்கு நடுவில் கோடு கிழித்த மாதிரி ஒரு சாலை போகிறது. தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே கார் பந்தயம் வைப்போம். போடி ஏலக்காய்க் கடைக்காரர்கள், கம்பத்துத் திராட்சைத் தோட்டக்காரர்கள், பஸ் முதலாளிகள், எங்களைப் போன்ற கடைக்காரர்கள் என்று எல்லாரும் கூடுவோம். இரண்டு வண்டி பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். கொடி இறங்கினால் கால் மைல் நேரே போக வேண்டும். முதலில் எல்லைக்கோட்டைத் தாண்டுகிறவன் ஜெயித்தவன். அதற்கு அப்பால் சாலை கொஞ்சம் சரிந்து வாய்க்கால் பாலத்துக்குப் போகும். இரண்டு பக்கமும் புளியமரங்கள்.

இதில் இரண்டு வகுப்பு உண்டு. ஒன்றில் வண்டியை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். பணமிருக்கிறவன் விளையாட்டு அது. இன்னொன்றுக்குக் கம்பெனிக் கட்டு என்று பெயர். தொழிற்சாலையிலிருந்து எப்படி இறங்கியதோ அப்படியே வண்டி இருக்க வேண்டும், உரிமையாளரே ஓட்ட வேண்டும். இந்த வகுப்பை ஏற்படுத்தியவன் நான். விதியின் வாசகமும் என்னுடையதுதான். பந்தயத்தன்று காலையில் வண்டிகளைச் சோதித்து, கண்ணாடியில் சாக்பீஸால் குறி போட்டு அனுப்புகிற பொறுப்பையும் என்னிடமே விட்டிருந்தார்கள்.

அந்த வகுப்பில் என் பியட் தோற்றதில்லை. அறுபத்து நாலாம் வருஷத்து வண்டி. அதை ஒரு பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டேன். ஒருமுறை இன்ஜின் ஹெட்டை லேத்தில் கொடுத்து ஒரு மயிரிழை சீவினேன், இழுவை கொஞ்சம் கூடியது. பழைய கார்புரேட்டர் அலுத்துப்போனதால் மதுரையிலிருந்து வேறொன்று வாங்கிப் போட்டேன், அது கொஞ்சம் பெரியது. பின்சீட்டுக்கு அடியில் இருந்த கனத்தைக் கழற்றி வைத்தேன். இதெல்லாம் பராமரிப்பு. வயதான வண்டிக்கு வைத்தியம் பார்ப்பதை யாரும் மாற்றம் என்று சொல்ல மாட்டார்கள். சொன்னதும் இல்லை, ஏனென்றால் சோதிக்கிறவன் நான்.

சுயம்புலிங்கம் போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர். என்னைவிட இரண்டு வயது இளையவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். வருஷா வருஷம் தன் கனத்த அம்பாசிடரை எடுத்துக்கொண்டு வந்து என்னிடம் தோற்பார். தோற்றதும் இறங்கி வந்து என் வண்டியின் பானட்டைத் தட்டிக்கொடுத்து, "இந்தக் கழுதைக்கு என்ன போட்டு வளக்குறீகன்னு சொல்ல மாட்டேங்கிறீகளே" என்று சிரிப்பார். எனக்கு அவரை மிகவும் பிடிக்கும். இதை ஏட்டையா எழுதிக்கொள்ளட்டும். எனக்கு அவர்மேல் எந்தப் பகையும் கிடையாது.

போன ஐப்பசியில் அவர் புதுக் கார் வாங்கினார். ஜப்பான்காரர்கள் கூட்டில் வடக்கே செய்கிறார்களே, அந்தச் சின்ன வண்டி. முதலில் என் கடைக்குத்தான் கொண்டுவந்து காட்டினார். நான் ஓட்டிப் பார்த்தேன். வீரபாண்டி வரைக்கும் போய்த் திரும்பினேன். மிதித்தால் போகிறது. அதற்கு மேல் ஓட்டுகிறவனுக்கு வேலையே இல்லை. கியர் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழுகிறது. திரும்பி வந்து சாவியைக் கொடுத்தேன். நல்ல வண்டி என்று சொன்னேன்.

"தையில இதத்தேன் கொண்டாரப் போறேன் அண்ணாச்சி. கம்பெனிக் கட்டுல. ஒரு நட்டக்கூடத் தொட மாட்டேன்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஐயா, நீங்களே யோசித்துப் பாருங்கள். ஒருவன் இருபது வருஷம் ஒரு இரும்போடு வாழ்ந்து, அதன் இருமலையும் முனகலையும் தெரிந்து, அதிலிருந்து ஒரு வேகத்தை வரவழைக்கிறான். இன்னொருவன் கடையில் போய் வேகத்தை விலைக்கு வாங்கி வருகிறான். இரண்டு பேரையும் ஒரே கோட்டில் நிறுத்தி, போட்டி சமம் என்றால் அது சமமா? பந்தயம் நடத்துகிற எங்கள் சங்கத்தின் கூட்டத்தில் இதைத்தான் கேட்டேன். தொழிற்சாலை புதிதாகச் செய்த வண்டிகளுக்குத் தனி வகுப்பு வையுங்கள் என்றேன். 

தலைவர் நல்லகண்ணு கம்பத்தில் திராட்சை போட்டிருப்பவர். வளைத்துப் பேசத் தெரியாது.

"கம்பெனி செஞ்சது கம்பெனிக் கட்டுல ஓடாம வேற எதுல ஓடும்? நீங்க அன்னைக்கு வாங்குனீக, அவரு இன்னைக்கு வாங்கியிருக்காரு. அம்புட்டுத்தேன வித்தியாசம்" என்றார்.

"அது இல்லை, விதியின் நோக்கம் என்று ஒன்று இருக்கிறது" என்றேன்.

"நோக்கமெல்லாம் யாரு கண்டா. எழுதுனது நீங்க. எழுதுனபடி பாத்தா அவரு வண்டிதேன் சுத்தமான கம்பெனிக் கட்டு. உங்க வண்டியத்தேன் ஒரு நாளைக்குப் பிரிச்சுப் பாக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். சுயம்புலிங்கம் மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி வண்டிய யாரும் பிரிக்க வேணாம். அவுக சொன்னா சரியாத்தேன் இருக்கும்" என்றார். அந்த வார்த்தை என்னை அவர்கள் சிரிப்பைவிட அதிகமாகச் சுட்டது.

நான் எதையும் திட்டமிடவில்லை. பந்தயத்தன்று காலையில் வழக்கம்போல ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். சக்கர நட்டுகளை நானே ஸ்பேனர் போட்டு இறுக்கிப் பார்த்துத்தான் அனுப்புவேன். பாதுகாப்புக்காக நான் கொண்டுவந்த பழக்கம் அது. சுயம்புலிங்கத்தின் வண்டிக்கு வந்தபோது அவருடைய மெக்கானிக் ஒச்சாண்டி பக்கத்தில் நின்றான்.

"நாலு சக்கரமும் பூட்டிட்டேன் மொதலாளி" என்றான்.

"தெரியும்டா. போய் ரேடியேட்டருக்குத் தண்ணீர் கொண்டு வா" என்று அனுப்பினேன். ரேடியேட்டரில் தண்ணீர் நிறைய இருந்தது.

மூன்று சக்கரங்களை இறுக்கினேன். இடது முன் சக்கரத்துக்கு வந்தபோது சுயம்புலிங்கம் என் பக்கத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். நட்டுகளை மறைக்கிற மூடியான வீல் கப்பை நான் கழற்றியதும் வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். மகளுக்குச் சிவகாசிப் பக்கம் ஒரு வரன் வந்திருப்பதாகவும், பையன் குடிப்பானா என்று எனக்குத் தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். விசாரிக்கிறேன் என்றேன். சொல்லிக்கொண்டே ஸ்பேனரை மறுபக்கம் திருப்பினேன். நான்கு நட்டுகளையும் தளர்த்தினேன். சுற்றிலும் ஐம்பது அறுபது பேர் நின்றார்கள். ஸ்பேனர் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று யாரும் பார்ப்பதில்லை ஐயா. யார் கையில் இருக்கிறது என்றுதான் பார்க்கிறார்கள். வீல் கப்பை அவரே எடுத்துக் கொடுத்தார். தட்டி மூடினேன். கண்ணாடியில் குறி போட்டேன்.

என் எண்ணம் சாதாரணமானது. பாதித் தூரத்தில் வண்டி ஆட்டம் காட்டும். யாராக இருந்தாலும் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவார்கள். அவருக்கு வண்டி கொடுத்த கூடுதல் வேகத்தை நான் கொஞ்சம் கழித்தேன். சமப்படுத்தினேன் என்றுதான் அதைச் சொல்ல வேண்டும்.

கோட்டுக்கு வந்து நின்றோம். கொடிக்காரர் முன்னால் வந்துவிட்டார். அப்போது சுயம்புலிங்கம் கதவைத் திறந்துகொண்டு இறங்கி என் ஜன்னலுக்கு வந்தார்.

"அண்ணாச்சி, ஒரு ரோசனை. நீங்க என் வண்டிய எடுங்க, நான் உங்க வண்டிய ஓட்டுறேன்" என்றார்.

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"கூட்டத்துல நீங்க பேசுனது எனக்கு உறுத்திக்கிட்டே இருக்கு. வண்டி ஜெயிக்குதா, ஆளு ஜெயிக்கிறாரான்னு இன்னைக்குப் பாத்துருவோம். உங்க கழுதைய வச்சுக்கிட்டு நான் தோத்தேன்னு வைங்க, நீங்க சொன்னதுதேன் நெசம். அடுத்த வருசம் புது வண்டிக்குத் தனி வகுப்பு. நானே எந்திரிச்சுச் சொல்றேன்."

நல்லகண்ணுவும் வந்துவிட்டார். நல்ல யோசனைதான், செய்து பாருங்கள் என்றார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். சுயம்புலிங்கம் தன் சாவியை என் ஜன்னலுக்குள் நீட்டிக்கொண்டு நின்றார். வெயில் அப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. என் முதுகு முழுக்க நனைந்துவிட்டது.

வாங்கியிருக்கலாம். வாங்கி இறங்கிப் போய், சக்கரத்தை இன்னொரு தடவை பார்க்கிறேன் என்று சொல்லி இறுக்கியிருக்கலாம். யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள். அல்லது வாங்காமலே சொல்லியிருக்கலாம். இதையெல்லாம் நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். ஆனால் விதி என்ன சொல்கிறது? உரிமையாளரே ஓட்ட வேண்டும். நானே எழுதிய விதியை எனக்கு வசதியான நேரத்தில் நானே மீறினால் அப்புறம் பந்தயத்துக்கு என்ன மரியாதை?

"விதி இடம் கொடுக்காது தம்பி. அவரவர் வண்டியை அவரவர் ஓட்டுவோம்" என்றேன்.

சுயம்புலிங்கம் சாவியை மடக்கிக்கொண்டு நல்லகண்ணுவைப் பார்த்தார். "பாத்தீகளா? தனக்கு லாபம்னாக்கூட அண்ணாச்சி விதியத் தாண்ட மாட்டாக" என்று சொல்லிவிட்டுப் போய் வண்டியில் ஏறினார்.

கொடி இறங்கியது. முதல் நூறு கெஜம் நான் முன்னால் போனேன். பிறகு அந்த வண்டி என் வலது பக்கத்தில் வந்தது. ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். ஸ்டியரிங் அவர் கையில் துள்ளிக்கொண்டிருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதை அமுக்கிப் பிடித்திருந்தார். காலை எடுப்பார், இப்போது எடுப்பார் என்று பார்த்துக்கொண்டே போனேன். அவர் எடுக்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவை என்னை முந்திக்கொண்டிருந்தார், எப்படி எடுப்பார்? எல்லைக்கோட்டை அவர்தான் முதலில் தாண்டினார். ஒரு வண்டி நீளம் இருக்கும்.

அதற்கப்புறம் பிரேக் பிடித்தார். சக்கரம் தனியாகக் கழன்று எனக்கு முன்னால் சாலையைக் குறுக்கே கடந்து வயலுக்குள் போனது. வண்டி முகம் குத்திச் சுழன்று புளியமரத்தில் மோதியது. நான் நிதானமாக வேகத்தைக் குறைத்து, பாலத்துக்கு இந்தப் பக்கமே நிறுத்தினேன். என் பிரேக் எப்போதும் நன்றாகப் பிடிக்கும். இறங்கிப் போனபோது அவருக்கு உயிர் இருந்தது. கண் என்மேல் இருந்தது. ஏதோ கேட்பது போல இருந்தது. தேனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் போய்விட்டார்.

போடியில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் சம்சாரம் சண்முகத்தாய் என் முன்னால் வந்து நின்றாள். அழுது தீர்ந்த முகம்.

"அண்ணே, நீங்கதேன கடைசியா வண்டியப் பாத்தீக. சக்கரம் சரியாத்தேன இருந்துச்சு?"

"நான் பார்த்தபோது சரியாகத்தான் இருந்தது அம்மா. அதற்கு அப்புறம் ஒச்சாண்டி கையை வைத்தானோ என்னவோ" என்றேன்.

ஒச்சாண்டி வாசலில்தான் நின்றுகொண்டிருந்தான். "நான் பூட்டுனேன் ஆத்தா, சாமி சத்தியமாப் பூட்டுனேன்" என்றான். அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. என் வார்த்தையை வைத்துத்தான் நீங்களும் அவனைப் பிடித்தீர்கள். வேறு என்ன செய்ய முடியும் உங்களால்?

இரண்டு மாதமாக நான் ஏன் பேசாமல் இருந்தேன், இன்றைக்கு ஏன் வந்தேன் என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஒச்சாண்டிக்காக என்று முதலில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

நேற்றுச் சங்கக் கூட்டம் நடந்தது. அதில் நல்லகண்ணு எழுந்து, இந்த வருஷத்துக் கோப்பையில் வெற்றியாளர் என்று சுயம்புலிங்கம் பேரைத்தான் வெட்ட வேண்டும், எல்லைக்கோட்டை முதலில் தாண்டியவர் அவர்தான், கோப்பை அவர் வீட்டில் இருக்கட்டும் என்றார். ஒருவர்கூட மறுக்கவில்லை. நான் மட்டும் மெதுவாக, விதியை ஒரு தடவை பார்த்துக்கொள்வது நல்லது என்றேன்.

"செத்துப்போன மனுசனோடயுமா போட்டி போடுறீக, அண்ணாச்சி?" என்று கேட்டார் நல்லகண்ணு. எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அந்தப் பார்வையில் மரியாதை இல்லை.

நான் போட்டி போடவில்லை ஐயா. சரியானது சரியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சுயம்புலிங்கத்தைக் கொன்றது நான். தெரிந்தே செய்தேன், நிறுத்துவதற்கு வழி கிடைத்தும் நிறுத்தவில்லை. தூக்குப் போட்டாலும் ஏற்றுக்கொள்கிறேன், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஏட்டையா ஒன்றை மட்டும் தெளிவாக எழுத வேண்டும். கொடி இறங்கிய நேரத்தில் அந்த வண்டியின் இடது முன் சக்கரத்தில் நான்கு நட்டுகளும் தளர்ந்திருந்தன. எந்தத் தொழிற்சாலையும் அப்படி ஒரு வண்டியை இறக்குவதில்லை. ஆகவே அது கம்பெனிக் கட்டு ஆகாது, அந்த வகுப்பில் அது ஓடியது செல்லாது. இதில் ஒரு நகல் நல்லகண்ணுவுக்கு இன்றைக்கே போய்ச் சேர்ந்தால் நல்லது. கோப்பையில் இன்னும் பேர் வெட்டவில்லையாம்.