மாமனாரோட சக்கரை நோட்டு

இல்ல மரேத்தாக்கா, அந்த நோட்ட மொதல்ல மூடி வைங்க. நர்சுக் கண்ணால பதினாலு, பதினாறுன்னு ஒவ்வொரு சக்கரை நம்பரா விரல் வச்சுப் பாத்தது போதும். கொக்கோ ஆறுது, குடிங்க. சக்கரை போடல. சரி, கொஞ்சம் போட்டேன். சக்கரை இல்லாத கொக்கோவ இந்த மாங்கரே ஊருல எவ குடிப்பா?

மாமா பின்னாடி சேப்பங்கிழங்குக்குத் தண்ணி விடுறாரு. கூப்பிட்டா வந்துருவாரு, இப்பக் கூப்பிட வேணாம். இருங்க, நான் ஒரு வாய் தண்ணி குடிச்சுக்கிறேன்.

என்னது, டாக்டர் இன்சுலின் எழுதிக் குடுத்துட்டாரா? கையோட கொண்டாந்துட்டீங்களா? இன்னைக்கேவா? அது சரி, இந்த நாட்டுக் கணக்குல ஏழத் தாண்டுனாலே அதிகம், எட்டு மாசமா அஞ்சு, ஆறு, அஞ்சரைன்னு இருந்த மனுசனுக்கு மூணு வாரமா இப்படி ஏறுனா டாக்டரும் என்னதான் பண்ணுவாரு.

என்ன சாப்பிட்டாருன்னா? நல்லாக் கேட்டீங்க. ஞாயித்துக்கிழமை சர்ச்சு முடிஞ்சு விருந்துன்னா உங்களுக்குத் தெரியாததா. போதகர் கை வைக்காம யாரும் கை வைக்கக் கூடாது. அவரு ஜெபம் பண்ணி முடிக்குறதுக்குள்ள எங்க மாமா கண்ணாலயே பாதிப் பன்னிய முடிச்சிருவாரு. கர்த்தரே இந்த உணவ ஆசீர்வதியும்னு கேக்குறாரே, அப்படியே அதுல இருக்க கொழுப்பக் கொஞ்சம் எடுத்துரும்னு ஒரு வார்த்த சேத்துக்கிட்டா போதகர் கொறஞ்சா போயிருவாரு? சிரிக்காதீங்க. போதகருக்கும் கால் வீக்கம் இருக்கு. மேடையில அங்கியப் போட்டு மறைச்சுக்குறாரு.

ஆனா ஒண்ணு சொல்லணும், இந்த மூணு வாரமா மாமா மேல தப்பே கிடையாது. சர்ச்சுல எடை கொறைக்குற போட்டி வச்சிருக்காங்க. இவருக்கும் அந்த மூப்பர் சியாவோசிக்கும் ஜென்மப் பகை, பாட்டுக் குழுவுல யாரு முன்னாடி நிக்கிறதுன்னு. அவனவிட ஒரு கிலோவாவது கூடக் கொறைக்கணும்னு தேங்காப்பாலத் தொடுறதில்ல. டின் மாட்டுக்கறிய என்கிட்டக் குடுத்து ஒளிச்சு வைக்கச் சொல்லிட்டாரு. மாத்திரை நான்தான் எடுத்துக் குடுக்குறேன், முழுங்கிட்டு வாயத் தொறந்து காட்டுவாரு. டாக்டர் சொல்லிக் கேக்காத மனுசன் சியாவோசியால திருந்திட்டாரு.

அப்ப எப்படி ஏறுச்சுன்னுதானே பாக்குறீங்க? சொல்றேன். ஒரு நிமிசம், பாத்ரூம் போய்ட்டு ஓடி வந்துர்றேன்.

வந்துட்டேன். உள்ள தூங்குற என் பாப்பா முழிச்சுக்கலையே? நல்லவேள. இல்லக்கா, பையத் திறக்காதீங்க, அந்த ஊசி கொஞ்சம் உள்ளயே இருக்கட்டும். நான் இவ்வளவு பேசுற ஆளே இல்ல, எங்க வீட்டுல கேட்டுப் பாருங்க. பயம் வந்தா மட்டும் வாய் நிக்க மாட்டேங்குது.

போன வருசம் உங்களுக்கு முன்னாடி ஒரு நர்சு வந்துச்சு. நல்ல பொண்ணுதான், குத்தம் சொல்லல. ஆனா செருப்போட உள்ள வந்துச்சு. மாமா பாயில உக்காந்திருக்காரு. அது நின்னுக்கிட்டே, அவரு தலைக்கு மேல கைய நீட்டி, விரலக் காட்டுங்க பெலேன்னு கூப்பிட்டுச்சு. பெலெனாத்தோங்குற பேர வெட்டி! தலைவர் பட்டம் கட்டுன மனுசன், சபையில முப்பது குடும்பத்துக்காக எந்திரிச்சுப் பேசுறவரு. அன்னைக்கு மடக்குன விரல்தான். சக்கரை பாக்குற மிஷினத் தூக்கி பைபிளுக்குப் பக்கத்துல வச்சுட்டாரு. ரத்தம் குடுக்க லேபுக்குக் கூப்பிட்டா, அன்னைக்குன்னு பாத்து சர்ச்சு கூரை ஒழுகும்.

நீங்க வந்த விதம் வேற. செருப்ப வெளிய விட்டீங்க, பாயில உக்காந்தீங்க, ஜெபம் பண்ணீங்க, பட்டத்தச் சொல்லி மரியாதப் பேச்சுல குடும்பத்த விசாரிச்சீங்க. மாமா இருக்குற நாலு பல்லையும் காட்டுனாரே, பாத்தீங்கல்ல? அந்தப் பல்லு வெளிய வந்து ரொம்ப நாளாச்சு. நீங்க கேட்டா விரலக் குடுப்பாரு. நான் கேக்க முடியுமா? மருமக மாமனார் கையப் புடிச்சுக் குத்துறதா? எங்க வீட்டுக்காரர் இயோசேவாவும் அப்பா முன்னாடி கெஞ்சத் தெரியாம, ஏர்போர்ட்டுல பெட்டி தூக்கப் போயிருவாரு. போறப்ப என்கிட்டச் சொன்னது ஒரே வார்த்த. நோட்டு காலியா இருந்தா கிளினிக்குல அப்பாவ அவமானப்படுத்துவாங்க, நீ பாத்துக்கன்னு.

நான் அஞ்சாவதோட நின்னவ. பொய் நம்பர் யோசிச்சு எழுதக்கூடத் தைரியம் வேணும். அதுவும் மிஷினுக்குள்ள எல்லாம் பதிஞ்சிருதாமே. நோட்டுல நம்பர் இருந்து மிஷினுக்குள்ள ரத்தம் பதியலன்னா மாட்டிக்குவோம்ல?

இருங்க, இன்னொரு டம்ளர் தண்ணி. மூணு வாரமா எவ்வளவு குடிச்சாலும் தாகம் அடங்கல.

அதனால அந்த ஊசிய மாமாவுக்குப் போட்டுறாதீங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். மொதல்ல அவரு விரல நீங்க குத்திப் பாருங்க. எட்டு மாசமா அத யாரும் குத்தல. நோட்டுல இருக்குறதெல்லாம் என் ரத்தம். தினமும் காலையில, பல்லு வெளக்குனதும்.

அப்படிப் பாக்காதீங்க. ஆமா, இப்ப அஞ்சாவது மாசம். இயோசேவாவுக்குக்கூட இன்னும் சொல்லல. இந்தப் பெரிய கவுனுக்குள்ள அஞ்சு மாசம் என்ன, போதகரையே ஒளிச்சு வைக்கலாம்.

இந்தாங்க கை. இந்த விரல் வேணாம், காச்சுப் போச்சு. பக்கத்து விரல்ல குத்துங்க.