இருபத்தொரு வெற்றிக்கு ஒரு பாட்டு

பொன்னப்பன்: ...வெத்திலை போட்டுக்கிட்டு எழுதும், பிள்ளைவாள். பாட்டு தன்னால வரும்.

பூதலிங்கம் பிள்ளை: வேண்டாம்லே. இன்னைக்கு விரதமாக்கும். நீ வீரனுக்க கீர்த்தியைச் சொல்லு.

பொன்னப்பன்: பேரு கனகதாஸ். எனக்க கூடப்பிறந்த தம்பி. சர்க்கஸ் கூடாரத்துல இருபத்தொரு குத்துச்சண்டை. இருபத்தொண்ணுலயும் ஒத்தக் குத்து, எதிராளி தரையில. போதாதா?

பூதலிங்கம் பிள்ளை: போதாது. பரணி பாடுன மரபு தெரியுமா உனக்கு? தோத்தவன் பெருமையை முதல்ல பாடணும். அவன் மலைபோல நின்னாத்தான் சாய்ச்சவன் வீரன். தோத்தவன் ஒவ்வொருத்தனா சொல்லு.

பொன்னப்பன்: அது... எதுக்கு? நாளைக்குப் பாறசாலை கோயில் மைதானத்துல நீரு பாடினாத்தான் கோயில் சபைக்காரங்க தம்பிக்கு வெள்ளிக்காப்பு இடுவாங்க. காப்பு இட்டாத்தான் அவன் ஆசைப்பட்ட சரோஜத்துக்க அப்பன் பொண்ணு தருவாரு. தம்பிக்க வாழ்க்கையாக்கும்!

பூதலிங்கம் பிள்ளை: அதுக்காகப் பொய் பாடணுமோ? தாலுகா கச்சேரியில மகாராசாவுக்கு எழுத்துவேலை, கோயில்ல ஈசனுக்குப் பதிகம்... ரெண்டுலயும் பிசகாத ஆளு நான். முதலாமவன் ஆரு?

பொன்னப்பன்: பாலராமபுரத்து நெசவுகாரன்.

பூதலிங்கம் பிள்ளை: மல்லனோ?

பொன்னப்பன்: ...சேலை விக்க வந்தவன். சர்க்கஸ் கூடாரத்துக்குள்ள வழி தெரியாம மேடையில ஏறிட்டான்.

பூதலிங்கம் பிள்ளை: மூட்டையோடயா?

பொன்னப்பன்: மூட்டையோடதான். அதுமேல விழுந்ததுனால அடி படல.

பூதலிங்கம் பிள்ளை: சிவ சிவா! ரெண்டாமவன்?

பொன்னப்பன்: காரக்கோணத்து ராபின்சன். பனைமர உசரம்!

பூதலிங்கம் பிள்ளை: கள்ளு குடிச்சா தென்னையைக் கட்டிப்பிடிச்சு அழுவானே, அவனா? அன்னைக்குக் குடிச்சிருந்தானோ?

பொன்னப்பன்: நிக்க முடியுற அளவுக்குத்தான்.

பூதலிங்கம் பிள்ளை: நின்னானா?

பொன்னப்பன்: சண்டை தொடங்க மணி அடிக்கது வரை.

பூதலிங்கம் பிள்ளை: நன்று! மூணுலேருந்து இருபது வரை?

பொன்னப்பன்: அவனுங்க எல்லாம் பெரும்புள்ளிங்க! கொல்லத்துப் புலி, ஆலப்புழைக் கொம்பன், கோட்டயத்துக் காலன்...

பூதலிங்கம் பிள்ளை: புலி, கொம்பன், காலன்... பதினெட்டுப் பேருக்கும் இடது காதுல ஒரே வடு உண்டாமே? மீசை மட்டும் மாறுமாம்.

பொன்னப்பன்: ஆரு... ஆரு சொன்னா?

பூதலிங்கம் பிள்ளை: உனக்க இடது காதை இப்படித் திருப்பு.

பொன்னப்பன்: வெளிச்சம் பத்தாது, பிள்ளைவாள்...

பூதலிங்கம் பிள்ளை: எலே!

பொன்னப்பன்: ஆளு கிடைக்காட்டி பின்னே என்ன செய்யதுக்கு? கூடப்பிறந்தவனாச்சே! பதினேழு தடவை ஒழுங்கா விழுந்தேன். பதினெட்டாவது தடவை அவன் மறந்துபோய் நிசமாவே குத்திட்டான்!

பூதலிங்கம் பிள்ளை: எடு காகிதத்தை, மூடு மைக்கூட்டை. இந்த வீரத்துக்கு என் நாவில் பாட்டு இல்லை.

பொன்னப்பன்: செரி, போகட்டும்! எல்லாவனும் சப்பைதான். கடைசி ஆளு அதைவிட மோசம். போன வெள்ளிக்கிழமை அதியன்னூர்ல, மேல்முண்டால முகத்தை மூடிக்கிட்டு ஒரு ஒல்லிக்குச்சி மேடையேறி என்னமோ கத்திச்சு. செண்டைமேளச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. தம்பி கையை ஓங்கதுக்கு முன்னயே விழுந்துடுச்சு.

பூதலிங்கம் பிள்ளை: முன்னயா? அபாண்டம்! கை வந்தது. இடது தாடையில இடிபோல வந்தது!

பொன்னப்பன்: நீரு பாத்தீரா?

பூதலிங்கம் பிள்ளை: ...கேள்விப்பட்டேன்.

பொன்னப்பன்: நெத்தி நிறைய நீறு மட்டும் தெரிஞ்சுது...

பூதலிங்கம் பிள்ளை: சிவனடியார்! சாமானியர் அல்ல. திற மைக்கூட்டை. கேளு:
மேருவென நின்றான் திருநீறு துலங்கு நெற்றியான்;
காரிடியெனக் கனகன் கரம் கன்னமுற வீழ்ந்தான்!

பொன்னப்பன்: வந்துட்டுதே பாட்டு! அப்போ காப்பு?

பூதலிங்கம் பிள்ளை: அப்பேர்ப்பட்ட மாவீரனைச் சாய்ச்சவனுக்கு இல்லாம பின்னே ஆருக்கு? மத்த இருபது பேரையும் விடு. இந்த ஒருத்தர் போதும்.

பொன்னப்பன்: அந்த ஒல்லிக்குச்சியா மாவீரன்?

பூதலிங்கம் பிள்ளை: இன்னொரு தடவை ஒல்லிக்குச்சின்னா பாட்டைக் கிழிச்சுப்போடுவேன்!

பொன்னப்பன்: இல்ல, இல்ல... மேரு! மேருவேதான்! மேரு எதுக்கு மேடையில ஏறிச்சு?

பூதலிங்கம் பிள்ளை: உங்க செண்டைச் சத்தத்துல பக்கத்துக் கோயில்ல பதிகம் பாட முடியல. நிறுத்தச் சொல்லத்தான் ஏறினார். கூடாரத்துக்குள்ள போறதை ஊரு பாக்கப்பிடாதுன்னு முகத்தை மூடினார்.

பொன்னப்பன்: இதெல்லாமும் கேள்விப்பட்டதோ? ...செரி, செரி, நான் ஒண்ணும் கேக்கல. பாட்டுதான் முடிஞ்சுதே, இனி ஒரு வெத்திலை போடும்.

பூதலிங்கம் பிள்ளை: போட்டு எதைக் கொண்டுலே மெல்லுவேன்? எனக்க கடைவாய்ப்பல்லு ரெண்டும் அதியன்னூர் மேடையிலயில்லா கிடக்கு!