சத்தம் வராத பிக்கப்பு

– இன்னொருக்கா வாசிம்மா ரமீஜா. காலையிலருந்து கட்டிங் மெஷின் ஓடி என் காதே அடைச்சுப் போச்சு.

– ஏர் ஃபில்டர், பிளக்கு, ரீமேப்பு. கார் கண்ணாடி நாலுக்கும் கருப்பு ஃபிலிம். நின்ன எடத்துலருந்து பிக்கப்பு அப்படியே தூக்கணும். சைலன்சர் சத்தம் மட்டும் வெளிய வரவே கூடாது. அம்புட்டுதாண்ணே. எல்லாம் முப்பத்தஞ்சாயிரத்துக்குள்ள.

– இத அனுப்புனது ரவூப்பு தானா?

– அவிய அனுப்புனதத்தான் வாசிக்கேன். போன்ல இருக்கு, நீங்களே பாருங்க.

– நாஞ் சொல்றதக் கேளு. நான் ராஜபாளையத்துல, இந்தத் தென்காசி ரோட்டுல கடை போட்டு பதினாலு வருசமாச்சு. பிக்கப்பு வேணும்னு வாற பயலுக பூராம் மொதல்ல கேக்குறது சத்தத்தத்தான். நான் இங்க மிதிச்சா செட்டியார்பட்டியில கேக்கணும் அண்ணேம்பான். சத்தம் வேண்டாம்னு கேட்ட மொத ஆளு ஒன் மாப்பிள்ளைதான்.

– அவியளுக்கு சத்தம் புடிக்காதுண்ணே.

– யாருக்கு, ரவூப்புக்கா? அவன் நிக்காஹ் ஊர்வலத்துக்கே புல்லட்டுல சைலன்சரக் கழட்டிட்டு வந்தவன். ஒங்க அத்தா காதப் பொத்திக்கிட்டு நின்னாரு. நான்தான் பின்னால உக்காந்திருந்தேன்.

– அது அப்போ.

– ரெண்டு வருசம் சவுதியில இருந்தா மனுசனுக்குக் காது மாறிருமா? சரி விடு. கருப்பு ஃபிலிம் நான் ஒட்ட மாட்டேன். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டத் தாண்ட முந்தி போலீஸ்காரன் கிழிச்சுப் போட்டு பைனும் எழுதுவான். எஞ்சின் கம்ப்யூட்டர மாத்தி எழுதுற அந்த ரீமேப்பும் இப்ப வேண்டாம்.

– அதுதாண்ணே முக்கியம்னு சொல்லிருக்காவ.

– அவன் யூடியூப்ல பாத்துட்டு சொல்லுதான். நீ இங்க குனிஞ்சு பாரு. டயர்ல நாலு நம்பர் இருக்குல்ல, வாசி.

– ஒண்ணு, ஒம்போது, ஒண்ணு, ஏழு.

– பதினேழாம் வருசம், பத்தொம்பதாவது வாரம் செஞ்ச டயர். ரப்பர் கல்லாட்டம் ஆயிருச்சு. அதுலயும் நின்ன எடத்துலயே நின்னு ஒரு பக்கம் தட்டையாப் போச்சு. வரும்போது ஸ்டியரிங் ஆடுச்சா?

– மடவார்வளாகம் தாண்டுனதுலருந்து ஆடிக்கிட்டேதான் வந்துச்சு. நான் பயத்துல என் கைதான் நடுங்குதுன்னு நெனச்சேன்.

– டயருதாம்மா அது. துட்டு கம்மியா இருக்கவன் மொதல்ல டயர மாத்தணும், பொறவு பிரேக் பேடும் பிரேக் ஆயிலும். நிக்கும்னு நம்பிக்கை வந்தாத்தான் கால் தைரியமா மிதிக்கும். பொறவு எஞ்சின் ஆயிலு, பிளக்கு, ஃபில்டரு. டிக்கியில கெடக்குற அந்த ஸ்பீக்கர் பெட்டிய எறக்கிப் போடு, இருவத்தஞ்சு கிலோ கொறையும். காசில்லாம வர்ற பிக்கப்பு ஒலகத்துல அது ஒண்ணுதான். ரீமேப்பு எல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.

– அடுத்த வருசம் வரைக்கும் என்னால முடியாதுண்ணே.

– ஒனக்கு என்னம்மா? ஓட்டப் போறவன் அவன்.

– அவிய சொன்னபடி ஆனாத்தான் வண்டிய எடுப்பேன்னு சொல்லிட்டாவ. ஒண்ணு கொறஞ்சாலும் எடுக்க மாட்டாவ. நீங்க தயவு பண்ணி லிஸ்ட்டுல இருக்கத அப்படியே செஞ்சு குடுங்க. இன்னைக்கே வேணும்.

– வண்டிய எடுக்க ஆளு இங்க வரணும்ல. எப்ப வாரான்?

– வருவாவ. வண்டி சரியாயிட்டா வருவாவ.

– வண்டிக்கும் பிளைட்டுக்கும் என்னம்மா சம்பந்தம்? நீ பேசுறது ஒண்ணுக்கொண்ணு ஒட்டலையே.

– எனக்கு இத விட்டா வேற வழி தெரியலண்ணே. எங்க அம்மா வீட்டுக்குப் போயி ஏழு மாசம் ஆச்சு. ஸ்கூல் வேலைய விட்டாச்சு. பக்கத்து வீட்டு ஆளு சக்கர கேட்டு வந்தாக்கூட வாசல்லயே நிக்க வச்சு அனுப்புதேன். எங்க மாமா மக கல்யாணத்துல பந்தியில உக்காந்தேன், பத்து நிமிசத்துல போன் வந்துருச்சு, எப்ப வருவ எப்ப வருவன்னு. கைய கழுவிட்டு எந்திரிச்சு வந்தேன். மூச்சு முட்டுது. இந்த வண்டி கெளம்புனாத்தான் எனக்கு அந்த வீட்டுக் கதவு தொறக்கும்.

– அடப்பாவி. அங்க உக்காந்துக்கிட்டு ஒன்னைய இங்க பூட்டி வச்சிருக்கானா அவன்?

– அவிய கெட்டவிய இல்லண்ணே.

– கெட்டவன் நல்லவன் பொறவு பாப்போம். சாவியக் குடு. வண்டிய லிஃப்டுல ஏத்தி அடியில என்ன இருக்குன்னு பாக்கேன். பயலுக சாப்பிடப் போயிருக்கானுக, நான்தான் ஏத்தணும்.

– இந்தாங்க.

– என்னம்மா இது, முதுகுக்குத் தலகாணி? சீட்டு கடைசி வரைக்கும் பின்னால கெடக்கு. ஒன் காலு எப்படி எட்டுச்சு? முன்னால இழுக்கத் தெரியாதா?

– தெரியும். சீட்ட நகத்துனா அவியளுக்குப் புடிக்காது. அதான் தலகாணிய வச்சு ஓட்டிட்டு வந்தேன்.

– சீட்டு நகந்தது சவுதியில இருக்கவனுக்கு எப்படித் தெரியும்?

– தெரியாது. சும்மா, சொல்லி வச்சிருக்காவ. ஏத்துங்கண்ணே, நேரமாகுது.

– இரு. செத்த இரு. கிளட்ச்சு பெடல் ரப்பர்ல இருந்த கோடெல்லாம் எங்க?

– அதுல இருக்குமேண்ணே.

– எங்க இருக்கு, தேஞ்சு வழவழன்னு கெடக்கு. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி நோம்புல, அவன் கெளம்புறதுக்கு மொத நாளு, ஒங்க வீட்டு வாசலுக்கே வந்து இந்த ரப்பர நான்தான் புதுசாப் போட்டேன். ஆயிலும் மாத்தி ஸ்டிக்கர் ஒட்டிருக்கேன், பாரு. நாப்பத்தோராயிரத்து இருநூத்தி ஆறு. இப்ப மீட்டர்ல என்ன இருக்கு?

– இருநூத்திப் பதினெட்டு.

– பன்னெண்டு கிலோமீட்டரு. ஸ்ரீவில்லிபுத்தூர்லருந்து நீ இப்ப ஓட்டிட்டு வந்த தூரம். அதுக்கு முன்னால வண்டி ஒரு அடி நகரல. ஆனா பெடல் தேஞ்சிருக்கு. கியர் ராடு தலையில ஒண்ணு, ரெண்டு, மூணு எல்லாம் அழிஞ்சு மொட்டையா இருக்கு. நிக்கிற வண்டியில உக்காந்து யாரும்மா கியர் போடுதா?

– வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நான் ஸ்டார்ட் பண்ணுவேன். பேட்டரி எறங்கிரும்னு.

– அதுக்கு நியூட்ரல் போதும். டிரைவிங் ஸ்கூல்ல படிச்சவ தான நீ? கதவுப் பையில இது யாரு சீப்பு?

– தாங்க அத.

– ஆம்பளச் சீப்பு. ரெண்டு மூணு நரச்ச முடி இருக்கு. ரவூப்புக்கு ஒரு நரை கெடையாது. போகும்போது காக்கா நெறத்துல தலைய வாரிக்கிட்டுப் போனான்.

– சீப்பத் தாங்கண்ணே.

– எங்க மாமி ஆயிஷா பீவி ஒங்க தெருவுலதான் இருக்கு. போன மாசமே சொல்லுச்சு. ஒத்தப் பொம்பளைக்கு வாரம் ஒரு கிலோ கறி எதுக்கு, பட்டப் பகல்ல ஜன்னலச் சாத்துறது எதுக்குன்னு. நான்தான் மாமிய வஞ்சேன். எங்க ரவூப்பு பொண்டாட்டியப் பத்திப் பேசுனா நான் மனுசனா இருக்க மாட்டேன்னேன்.

– உலை வாய மூடலாம், ஊர் வாய மூட முடியுமாண்ணே.

– ஊர விடு, எனக்குச் சொல்லு. மடியில கனமில்லன்னா வழியில என்ன பயம்? யாரு அந்த ஆளு?

– நான் சொல்ல மாட்டேன்.

– அப்ப ஆளு இருக்கான்.

– நான் அப்படிச் சொல்லல.

– இல்லன்னும் சொல்லலையேம்மா. இல்லன்னு ஒத்த வார்த்த சொல்லு, நான் இந்தச் சீப்பத் தூக்கி எறிஞ்சுட்டு வண்டி வேலையப் பாக்கேன்.

– பொய்யும் சொல்ல முடியாது, நெசத்தையும் சொல்ல முடியாது. என்னைய விட்டுருங்கண்ணே. வண்டியத் திருப்பிக் குடுத்துருங்க, நான் வந்த வழியே போயிருதேன்.

– எப்படி விடுறது? அவன் உம்மா கையால சோறு தின்னவன் நான். ஒங்க நிக்காஹுக்கு சாட்சிக் கையெழுத்துப் போட்டவன். நாளைக்கு அவன் வந்து, தெரிஞ்சும் நீ மறைச்சியான்னு கேட்டா எந்த மூஞ்சிய வச்சுப் பேசுவேன்? நான் ரவூப்புக்கு போன் போடுதேன்.

– வேண்டாம்ணே. ஒங்க கால்ல விழுறேன். அவியள்ட்ட மட்டும் இதக் கேக்காதீக.

– கேக்கத்தான் செய்யணும். இமோ ஆப்புல போடுதேன், ஸ்பீக்கர்லயே போடுதேன். என் மேல ஒனக்கு ஒரு சந்தேகமும் வரக்கூடாது பாரு. இந்தா, அடிக்கிது.

– என்னல நஸ்ருதீனு, அதிசயமா இருக்கு. நம்பரு எல்லாம் ஞாவகம் இருக்கா?

– ரவூப்பு, எங்கலே இருக்க?

– எங்க இருப்பேன் மாப்ள, கம்பெனிலதான். தம்மாம்ல வெயிலு நாப்பத்தெட்டு டிகிரி. உள்ள ஏசி ஓடுது, அதான் தப்பிச்சேன். வண்டி வந்துருச்சா? லிஸ்ட்டு பாத்தியா?

– பாத்தேன். அதப் பொறவு பேசுவோம்.

– இல்ல மாப்ள, இதக் கேட்டுக்க. ஃபர்ஸ்ட்டு கியர்ல எடுத்து செகண்டு போடும்போது வண்டி ஒரு நொடி தூங்குது பாத்தியா, அந்தத் தூக்கம் இருக்கக் கூடாது. வாசல்லருந்து எங்க தெரு முக்கு வரைக்கும் நூத்தி இருவது மீட்டரு. ஒரே இழுவையில போயிறணும். சத்தமே இருக்கக் கூடாது. ரோட்டுல எம்புட்டு வேகம் போகும்ங்கிறதெல்லாம் எனக்கு வேண்டாம். அந்த நூத்தி இருவது மீட்டரு போதும்.

– ஏலே, நாஞ் சொல்றதக் கேளு. மனசக் கல்லாக்கிக்க. ரமீஜா இங்கதான் நிக்கா. நீ இல்லாத வீட்டுல ஒன் வண்டியில எவனோ ஒருத்தன் உக்காருறான்.

– என்ன சொல்ற?

– கிளட்ச்சு தேஞ்சிருக்கு. கியர் தேஞ்சிருக்கு. நரச்ச முடியோட ஒரு சீப்பு கெடக்கு. தெருவே பேசுதாம். கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டேங்கா, யாருன்னும் சொல்ல மாட்டேங்கா. லைன்ல இருக்கியாலே?

– இருக்கேன்.

– நீ அங்க ஒட்டகம் மாதிரி ஒழச்சுக்கிட்டு இருக்க, இங்க இப்படி. எனக்கு வயிறு எரியுதுல. நீ ஒரு வார்த்த சொல்லு. வர்ற வெள்ளிக்கெழம ஜும்மா முடிஞ்சதும் ஜமாத்துல பேசி, அவ அத்தாவக் கூப்புட்டுக் கையோட அனுப்பிருவோம். நீ வர்ற வரைக்கும் வீட்டுச் சாவி என்கிட்ட இருக்கட்டும்.

– சாவி எதுக்குல? சாவியெல்லாம் வேண்டாம். அவ என்ன சொன்னா?

– அதான் ஒண்ணும் சொல்லலங்கேன்ல.

– ரமீஜா.

– இருக்கேன்.

– நீ இவன்ட்ட எதையும் சொல்லலையா?

– சொல்லல. என் தலையில கை வச்சு சத்தியம் வாங்குனது நீங்கதான. இவரு என் மேல இப்ப என்ன பழி போட்டாருன்னு ஒங்களுக்கே கேட்டுருக்கும். அதையும் வாங்கிக்கிட்டு நிக்கேன். இனிமே நீங்க பேசுங்க. ஆமா, அவ எவன் கூடவோ இருக்கான்னு சொல்லணும்னு தோணுச்சுன்னா அதையும் சொல்லுங்க. நான் ஒண்ணும் மறுத்துப் பேச மாட்டேன். எங்க அத்தா வீட்டுக்குப் போயிருதேன். அங்க கதவாவது தொறந்து கெடக்கும்.

– என்ன சத்தியம்? ரவூப்பு, இவ என்னல சொல்லுதா? நான் வெள்ளிக்கெழம ஜமாத்துல என்னன்னு பேச? ஏலே, வாயத் தொறந்து ஏதாவது சொல்லு.

– அவள ஒண்ணும் சொல்லாதல. அந்த சீட்டுல உக்காருறது நான்தான். நரச்ச முடியும் என் முடிதான். கம்பெனிய இழுத்து மூடிட்டானுக, பாஸ்போர்ட்ட மட்டும் கையில குடுத்து அனுப்பிட்டானுக. ஏழு மாசத்துக்கு முன்னால விடியக்காலம் பஜ்ரு பாங்கு சொல்ல முந்தி வந்து வீட்டுக்குள்ள பூந்தவன், இன்னும் வாசப்படி தாண்டல. சவுதிலருந்து வந்தவன்னு தெரிஞ்சா வீட்டுக்கு வீடு தைலமும் சோப்பும் பேரீச்சம்பழமும் குடுக்கணும்ல, நான் இந்த வெறுங்கைய வச்சுக்கிட்டு எப்படில எறங்குவேன்? பிக்கப்பு ரேசுக்குக் கேக்கல மாப்ள, எவன் கண்ணுலயும் படாம எங்க தெருவத் தாண்டிப் போறதுக்குத்தான் கேட்டேன்.