பின்னாடி நிக்கிற நீலச் சட்டை

— இந்த வீடியோவ இன்னொரு தடவ போடுறேன், நல்லாப் பாரும்மா. படம் புடிச்ச பொண்ணு உன்கிட்ட, "கூட யாரும் இல்லையாம்மா"ன்னு கேக்குறா. நீ என்ன சொல்ற?

— "தனியாத்தான் இருக்கேன்"னு சொல்றேன். உங்கப்பா போனப்பறம் இந்த வீட்டுல நான் தனியாத்தானடா இருக்கேன்.

— அவ கேட்டது வீட்டப் பத்தி இல்லம்மா. கண்ணாஸ்பத்திரிக்குக் கூட யாரு வந்தாங்கன்னு கேட்டா.

— எனக்கென்ன தெரியும். கண்ணுல மருந்து விட்டு வாசல் பெஞ்சுல உக்கார வச்சிருந்தாங்க. எதிர்ல நிக்கிறது ஆளா தூணான்னே தெரியல. தண்ணி பாட்டுக்குக் கொட்டுது. முந்தானையால தொடச்சிக்கிட்டே பேசினேன்.

— அதான்மா பிரச்சனையே. அந்தத் தண்ணிதான் இப்ப ஊரு பூரா ஓடுது. கீழ என்ன எழுதியிருக்கா தெரியுமா? "பெத்த மகன் ஆஸ்பத்திரி வாசல்ல விட்டுட்டுப் போயிட்டான். இந்தக் கண்ணீருக்கு யார் பதில் சொல்வது?"

— மருந்து செஞ்சவன்தான் சொல்லணும்.

— சிரிக்காதம்மா.

— சிரிக்கல கண்ணு. உள்ளதச் சொன்னேன்.

— சரி, இங்க பாரு. உன் தலைக்குப் பின்னாடி, மருந்துக்கடை ஜன்னல் கிட்ட, ஒரு நீலச் சட்டை தெரியுதா?

— தெரியுது. நீதான். காலர் ஒரு பக்கம் மடிஞ்சு கெடக்கு பாரு, சின்னப் புள்ளைலேர்ந்தே அப்படித்தான்.

— உனக்கு மருந்து வாங்க வரிசையில நிக்கிறேன். வீடியோ ஆரம்பத்துலேர்ந்து முடியிற வரைக்கும் அங்கயேதான் நிக்கிறேன். எத்தனையோ லட்சம் பேரு பாத்துட்டாங்க. என்னை மட்டும் ஒருத்தரும் பாக்கல.

— முதுகுதானடா தெரியுது. முதுகுல மகன்னு எழுதியா ஒட்டியிருக்கு.

— உன் பேத்திய ஸ்கூல்ல கேட்டிருக்காங்க, "உங்க பாட்டியத் தெருவுல விட்டுட்டீங்களாமே"ன்னு. ரெண்டு நாளா என்கிட்ட முகம் குடுத்துப் பேச மாட்டேங்குது. ஆபீஸ்ல மேனேஜர் கூப்பிட்டு உக்கார வச்சாரு. நானும் மருந்து, வரிசை, நீலச் சட்டைன்னு எல்லாத்தையும் சொன்னேன். பொறுமையாக் கேட்டாரு. கேட்டுட்டு, "கொஞ்ச நாள் லீவு போடுங்க, அம்மாவக் கூட்டிட்டு வந்து வச்சுக்கோங்க"ங்கிறாரு.

— நீ சொன்னத நம்பலையா அந்த மனுஷன்?

— நம்புறதுக்கு அவரு மனசுல எடம் இல்லம்மா. ஏற்கெனவே ஒரு கதை அங்க குடியிருக்கு. சர்வே எடுக்கிறதுதான என் பொழப்பே, வீடு வீடாப் போயிக் கேக்குறது. "இந்தக் காலத்துப் பிள்ளைங்க பெத்தவங்களப் பாத்துக்குறாங்களா?"ன்னு கேட்டா, "எங்க சார், எல்லாரும் தெருவுல விட்டுடுறாங்க"ம்பாங்க. "உங்க வீட்டுல?"ன்னா, "எங்க வீட்டுல அப்படியில்ல சார்." பக்கத்து வீட்டுல? "அவங்களும் நல்லவங்கதான்." அப்ப யாரு வீட்டுலதான்னா, "அதான் டெய்லி காட்டுறாங்களே"ம்பாங்க.

— அப்ப விட்டுட்டுப் போறவங்களே கெடையாதா?

— இருக்காங்க, இல்லாம இல்ல. கொஞ்சம் பேரு. அந்தக் கொஞ்சம் பேரோட மூஞ்சிதான் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அம்மாவும் மகனும் உக்காந்து டீ குடிக்கிறத எவன் படம் புடிக்கப் போறான்?

— புடிச்சாலும் எவன் பாக்கப் போறான். என்னமோ போ. இங்கயும் ஆளுங்க வந்தாங்க.

— இங்கயா? யாரு?

— மூணாவது மாடி டீச்சர். இத்தன வருஷம் லிஃப்ட்ல தலையாட்டுனதோட சரி. அன்னைக்குக் கதவத் தட்டி, உள்ள வந்து, அந்த நாற்காலியில உக்காந்தா. அவளுக்கு முட்டி வலியாம், புருஷனுக்குக் காது கேக்காதாம், எல்லாம் சொன்னா. கீழ்வீட்டுத் தையக்காரர் தலகாணி உறை தச்சுக் கொண்டுவந்தாரு. காசு வாங்க மாட்டேன்னுட்டாரு. எதிர்வீட்டு மருமக சாயங்காலமானா வந்துடுறா.

— என் மகன் வாராவாரம் வர்றான்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டியதுதான?

— சொன்னேனே. "பெத்த மனசு, எப்படி விட்டுக்குடுக்கும்"னு டீச்சர் என் கையப் புடிச்சிக்கிட்டு அழுதுட்டா. இதுக்கு மேல என்னத்தச் சொல்ல.

— சரி, ஒண்ணு பண்ணலாம். நாமளே ஒரு வீடியோ போடுவோம். நீ அந்த நாற்காலியில உக்காரு. நான் புடிக்கிறேன். நடந்தத மட்டும் சொல்லு, போதும்.

— முடிய ஒதுக்கிக்கிறேன் இரு. ம். சொல்லவா?

— சொல்லு.

— அன்னைக்கு என் கண்ணுல வந்தது மருந்துத் தண்ணி. என் மகன் என்னை விட்டுட்டுப் போகல. பின்னாடிதான் நின்னான். ஞாயித்துக்கெழம தவறாம வருவான். காய், பழமெல்லாம் ஃப்ரிட்ஜுல அடுக்கி வப்பான். பல்பு போயிருந்தா மாத்துவான். போட்ட டீ ஆறுறதுக்குள்ள கெளம்பிடுவான்.

— அம்மா, அந்தக் கடைசி வரி வேணாம்.

— சரி, எடுத்துடு. தெனமும் போன் பண்ணுவான். "சாப்ட்டியா"ன்னு கேப்பான். "சாப்ட்டேன்"னு சொல்லுவேன்.

— அப்பறம்?

— அப்பறம் அவனுக்கு வேற கால் வந்துடும்.

— அம்மா.

— பொய்யா சொல்றேன்? நீதான உள்ளதச் சொல்லச் சொன்ன. உன் மேல குத்தமே இல்லடா. நல்ல புள்ளதான் நீ. யாரு வந்து கேட்டாலும் சொல்லுவேன்.

— தெரியும்மா. ஆனா இதப் போட முடியாது. போட்டாலும் மெரட்டிப் பேச வச்சிருக்கான்னுதான் சொல்லுவாங்க. இதுக்கு ஒரே வழி, அந்தப் பொண்ணையே தேடிப் புடிக்கிறது. ஆஸ்பத்திரிப் பக்கத்துலதான் எங்கயாவது இருப்பா. சண்டை போட மாட்டேன், பொறுமையா எடுத்துச் சொல்லுவேன். நல்ல பொண்ணா இருந்தா அவளே அழிச்சிடுவா.

— நல்ல பொண்ணுதான்.

— உனக்கெப்படித் தெரியும்?

— நேத்து வந்திருந்தா. அது கண்ணு மருந்துன்னு ஆஸ்பத்திரி நர்ஸு சொல்லி, வீட்டு விலாசமும் குடுத்திருக்கு. உள்ள வராம வாசல்லயே நின்னு தேம்பித் தேம்பி அழுதா, பாவம். "தெரியாமப் பண்ணிட்டேன்மா, உங்க கண்ணு முன்னாடியே அழிச்சிடுறேன்"னு போனக் கையில எடுத்துட்டா.

— அப்பறம் ஏன் அது இன்னும் இருக்கு?

— இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கட்டும்னு நான்தான்டா சொன்னேன்.