கீழ்த்தளத்தில் ரத்த அழுத்தச் சோதனை

மார்ச் 12, செவ்வாய். ஆறு மணிக்குக் காப்பி குடித்தேன். இரண்டு வேலை விண்ணப்பங்கள் அனுப்பினேன். தேக்கா சந்தையில் கீரை வாங்கினேன். பூர்த்தி செய்த நிதியுதவிப் படிவம் மூன்று வாரமாக அலமாரியில் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க வெட்கம்.

ரயிலில் எதிரே வட்டார உதவிக் குழுச் சட்டை அணிந்த பெண்கள் இருவர்.

“நம்ம வட்டாரத்துல ஏழைங்களே இல்ல லா, அக்கா! ‘வசதி குறைந்தோர் உதவி’ன்னு மேசை போட்டோம், ஒருத்தரும் வரல.”

“அக்கம்பக்கம் பாக்கறப்ப யாரு வருவா? நான் ‘இலவச ரத்த அழுத்தச் சோதனை’ன்னு போர்டை மாத்திட்டேன். கியூ லிஃப்ட் வரைக்கும்! கையில பட்டையைக் கட்டிட்டு மெதுவா கேப்பேன், வேலை இருக்கான்னு.”

“பிரஷர் ஏறிடாது?”

“ஏறினா படிவம், ஏறலைன்னா ஒரு கப் மைலோ.”

“நாளைக்கு எங்கே?”

“சுவா சூ காங்ல, மார்க்கெட் எதிர் புளோக் கீழ்த்தளத்துல.”

அது நான் குடியிருக்கும் புளோக்.

மார்ச் 13, புதன். காலை முதல் வேலையாக, படிவத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கீழே போய்க் கையை நீட்டினேன்.