அறுந்த வாலும் அவசர ஒப்பாரியும்

அவைக்குத் தலைமையேற்றிருக்கும் பெரியவர் துலெபெர்கென் அவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த அன்னையரே, மந்தையை மறந்துவிட்டு வந்த மைந்தரே, அனைவருக்கும் வணக்கம்.

கோபிஸ் வாத்தியப் போட்டியைத் தொடங்கிவைக்க அழைத்தீர்கள். ஆனால் போட்டிக்கு முன்பே ஒருவர் வாசிக்க வில்லை எடுத்துவிட்டார். கல்கமான் அவர்களே, அதைக் கீழே வையுங்கள்.

ஏன் எடுத்தார்? சாவை வாய் சொல்லலாகாது, கோபிஸ்தான் அழுது சொல்ல வேண்டும் என்பது நம் வழக்கம். எவர் சாவு? விடியலில் மேய்ச்சலுக்குப் போன எசென்குலின் குதிரை, சற்றுமுன், ஆளில்லாமல், வால்மயிர் அறுபட்டுத் திரும்பியது. செத்தவன் குதிரைக்குத்தானே வாலை அறுப்போம்? கண்டீர்கள், கலங்கினீர்கள், கணக்கை முடித்தீர்கள். முன்வரிசையில் இருக்கும் அவன் மனைவி உல்மெக்கெனிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. மகளே, நான் சொல்லிவிட்டேன். அழாமல் கேள்.

"வாலறுந்த குதிரைக்கு வேற என்னம்மா அர்த்தம்?" என்கிறார் பின்வரிசைக்காரர்.

ஐயா, செத்தவன் வீட்டார் வாலோடு பிடரிமயிரையும் அல்லவா அறுப்பார்கள்? இதன் பிடரி அப்படியே இருக்கிறதே, பார்த்தீரா? ஆளில்லாத காட்டில் அறுத்தது யார்? பிணமே எழுந்து அறுத்ததா?

சிரிக்காதீர்கள். உல்மெக்கென் ஏதோ சொல்கிறாள்.

"நேத்து நான்தான் அவரைத் திட்டுனேன் பெரியம்மா. கோபிஸ்ல தந்தி நைஞ்சு கெடக்கு, ஒங்க குதிரை வால்ல நாலு முடி தந்தா கொறைஞ்சா போயிரும்னு."

கேட்டீர்களா? தந்திக்காக வாலில் கத்தி வைத்திருக்கிறான். குதிரை மிரண்டு உதைத்திருக்கும். அது ஓடி வந்துவிட்டது. அவன் எங்கே கிடக்கிறான்? காலொடிந்தா, கண்மூடியா? எனக்குத் தெரியாது. என் ஊகம் பொய்க்கலாம். அவன் போன் மலைக்கு அப்பால் எடுக்காது. வடக்கே வானம் வெளுத்துவிட்டது. பனிப்புயல் என்னைப் போல் நீட்டி முழக்கிக்கொண்டிருக்காது.

தேடாமல் தீர்ப்பெழுதவா கூடினோம்? உயிர் இருக்கிறதா என்று பாராமல் ஒப்பாரிக்குச் சுருதி கூட்டவா கூடினோம்? அழுவதற்கு நாளையும் உண்டு, நாளை மறுநாளும் உண்டு. அவனுக்கு இருப்பது இருட்டும்வரை மட்டுமே.

"அப்போ போட்டி என்னாவறது?" என்கிறார் தலைவர்.

பரிசை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், பெரியவரே. உங்கள் குதிரையைக் கொடுங்கள்.

உல்மெக்கென் வாசலைத் தாண்டிவிட்டாள். எழுந்து அவள் பின்னால் போகிறவர்களுக்கு என் நன்றி. இன்னும் உட்கார்ந்திருப்பவர்களுக்கு என் வணக்கம்.